அறுபத்து நான்கு கிலோபைட் கங்காணி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற மூன்று கங்காணிமார் இருந்தார்கள். ஒரே வாரத்தில் மூவரும் ஒரே குடைக்கு உரிமை கொண்டாடிக்கொண்டு வந்து நின்றார்கள். அது மழைக்குப் பிடிக்கிற குடை அல்ல. போன் திரையில் நகர்ந்து போகும் கொஞ்சம் கறுப்புப் புள்ளிகள். எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாலும் ஒரு சிட்டிகை கடுகுக்குத் தேறாது. அந்தக் குடையை வரைந்தவள் என் சித்தி. அதனிடம் சிக்காமல் தப்புவதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரி நான். இதை இப்போது பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்போது பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் நமுனுகுல மலைச் சரிவில் இருந்தது. அம்மா கொழுந்துக்குப் போனாள். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் பதுளையில் கம்ப்யூட்டர் படித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, பஸ் வசதியைக் காரணம் காட்டி, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த அன்றே என் பாயில் பாதியையும் என் தலையணையில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டாள். அப்பா அவளைப் படிக்க வைக்கச் சம்மதித்தது ஒரு நிபந்தனையின் பேரில்.

"மார்கழிக்குள்ள சட்டிபிகேட் கையில இருக்கணும். இல்லாட்டி ஒங்க அக்காவோட சேந்து நீயும் பேர் பதிஞ்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

பேர் பதிவது என்றால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கச் சேர்வது. சித்தி அதற்குக் கோபப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. "சரி மச்சான், மார்கழி வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போய்விட்டாள். அவளுக்கு எதிலும் அப்படியொரு நம்பிக்கை. மழை நிற்கும் என்று அவள் சொன்னால் நாங்கள் குடையில்லாமல் புறப்பட்டு நனைந்துகொண்டு வருவோம். அடுத்த தடவை சொன்னாலும் நம்புவோம்.

வீட்டில் ஒரு போன் இருந்தது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த பெரியம்மா அனுப்பியது. கலர் திரை, கீழே எண்கள் போட்ட பொத்தான்கள். பெரியம்மா வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவாள். லயத்துக்குள் சிக்னல் கிடையாது என்பதால் அம்மா அதைக் கையில் ஏந்திக்கொண்டு மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் போய் நிற்பாள். மற்ற நாட்களில் அது ஒரு துவாயில் சுற்றப்பட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஊமையாகக் கிடக்கும். அந்த ஊமைக்கு வேறு காரியங்களும் தெரியும் என்று கண்டுபிடித்தவள் சித்திதான்.

"போனுக்குள்ள சின்னதா ஒரு மூள இருக்கு புள்ள. ஜாவான்னு ஒரு பாச இருக்கு, அதுல எழுதிக் குடுத்தா அந்த மூள அப்படியே செய்யும்" என்று எனக்கு விளக்கினாள்.

"தமிழ் விளங்குமா அதுக்கு?"

"விளங்காது. விளங்க வைக்கலாம்."

அவள் படித்த இடம் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொருவரும் போனில் ஓடுகிற ஒரு மென்பொருளைத் தாங்களே செய்து காட்ட வேண்டும். அதற்குத்தான் சட்டிபிகேட். கூடப் படித்த டவுன் பிள்ளைகள் கல்குலேட்டர், பொது அறிவுக் கேள்வி பதில், பிறந்த நாளை ஞாபகப்படுத்துகிற மணி என்று எடுத்துக்கொண்டார்கள். படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். சித்தி அவரைப் போலவே பேசிக் காட்டுவாள். அவர்களுக்குள் நடந்த பேச்சை எனக்கு எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"நீர் என்ன செய்யப் போறீர்?"

"கேம் ஒண்ணு சேர்."

"கேம் செய்யிறது வலு கஷ்டம், பிள்ளை. ஒரு கல்குலேட்டர் செய்தீரெண்டால் லேசாப் பாஸ் பண்ணிப் போடலாம்."

"கல்குலேட்டர் போன்ல ஏற்கெனவே இருக்குங்க சேர்."

சேர், "சரி, உம்முடைய விருப்பம்" என்றாராம். சித்தி அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் இதுதான். திரை முழுக்கப் பச்சை. குறுக்கே ஓடுகிற கோடுகள் தேயிலை நிரைகள். ஒரு பெண் கூடையோடு நிற்பாள். இரண்டை அமத்தினால் மேல் நிரை, எட்டை அமத்தினால் கீழ் நிரை, நாலும் ஆறும் இடமும் வலமும். இளம் பச்சையாகத் தெரியும் இடத்தில் ஐந்தை அமத்தினால் கொழுந்து கூடைக்குள் போகும். கூடை நிறைந்தால் அந்த மலை முடிந்தது. அடுத்த மலை வரும், எல்லாம் முன்னைவிட வேகமாக நடக்கும். இடையில் அட்டை ஊர்ந்து வந்து காலில் ஏறினால் அவளால் நகர முடியாது. பூச்சியத்தை அமத்தி உப்புப் போட வேண்டும். இதற்கு நடுவே கங்காணி நிரை நிரையாக நடந்து வருவார். அவர் வரும்போது அவள் கை சும்மா இருந்தால் அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தது.

சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்த பின்னும் சித்தி கடை பூட்டும் வரைக்கும் அங்கேயே இருந்து கம்ப்யூட்டரில் எழுதுவாள். எழுதியதைப் போனில் ஏற்றிக்கொண்டு பசறை வழியாக வருகிற பஸ்ஸில் வந்து இறங்குவாள். நான் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருப்பேன். அவள் காலில் செருப்பைச் சரியாக மாட்டுவதற்குள் போன் என் கைக்கு வந்துவிடும். ஏனென்றால் எனக்கு உத்தியோகம் இருந்தது. ஆட்டத்தில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. சித்தி அதை ஊரறியச் சொல்லியிருந்தாள். நான்காம் வகுப்புப் படிக்கிற என்னை, "இதுதான் என் டெஸ்டர்" என்று பஸ் கண்டக்டரிடம் கூட அறிமுகப்படுத்தினாள்.

நான் அந்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். உப்புப் போட்ட பின்னும் விழாத அட்டையைக் கண்டுபிடித்தவள் நான். திரையின் வலது ஓரத்தில் ஆறை அமத்திக்கொண்டே இருந்தால் கொழுந்துக்காரி திரைக்கு வெளியே நடந்து போய்விடுவாள் என்பதையும் நான்தான் கண்டுபிடித்தேன். ஆளைக் காணவில்லை, ஆனால் ஐந்தை அமத்த அமத்தக் கூடை நிறைந்துகொண்டிருந்தது. அதைக் காட்டியபோது சித்தி நடு ரோட்டில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கங்காணி இல்லாத எடத்துல போயி கொழுந்தெடுக்குறா. நல்லா இருக்கட்டும்" என்றாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அந்த வழியை அடைத்துவிட்டாள்.

எங்களுக்கு வந்த பெரிய தொல்லை எடை. அந்தப் போன் அறுபத்து நான்கு கிலோபைட்டுக்கு மேல் போகிற எந்த ஆட்டத்தையும் ஏற்காது. முழுதாகச் செய்து முடித்தபோது சித்தியின் ஆட்டம் அதைத் தாண்டிப் போயிருந்தது. போன் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஒன்று குறைய வேண்டும். எதைக் குறைப்பது என்று நாங்கள் இருவரும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு பேசினோம். முதலில் பின்னால் தெரிந்த நமுனுகுல மலை போயிற்று. அப்புறம் பாட்டுப் போயிற்று. கொழுந்துக்காரியின் சடை போனது. பூப் போட்ட சேலை ஒரு சிவப்புக் கட்டமானது. கூடை மூன்று மண்ணிறப் புள்ளிகளாகச் சுருங்கியது. கங்காணிக்கு முதலில் நல்ல மீசை இருந்தது. கோட்டு இருந்தது. கையில் கம்பு கூட இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரிடமிருந்து ஒன்று பறிபோனது. கடைசியில் மிஞ்சியது ஒரு கறுப்புக் குடையும், அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான்.

எனக்கு அது திருப்தியாக இல்லை. "மொகமே இல்லாம எப்படி சித்தி கங்காணின்னு தெரியும்?"

"கொட வந்தா போதும். கீழ யாரு இருக்கான்னு யாரு நிமிந்து பாக்குறா?"

அப்போதும் எடை கொஞ்சம் கூடத்தான் இருந்தது. மிச்சமிருந்த ஒரே ஆடம்பரம் கடைசித் திரை. கங்காணியிடம் பிடிபட்டதும் திரை கறுத்து, நடுவில் இரண்டு சொல் தமிழில் வரும்: அரைப் பேர். கொழுந்து போதாது, கை சுணங்கிவிட்டது என்று கங்காணி நினைத்தால், நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் வேலை என்று பதிந்துவிடுவார்கள். அதற்குத் தோட்டத்தில் அரைப் பேர் என்று பெயர். அந்தப் போனுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் சித்தி அதைப் படமாக வரைந்திருந்தாள். படம் என்பதால் கனம். நான் ஒரு நல்ல யோசனை சொன்னேன். போனுக்கு ஆங்கில எழுத்து தெரியும். 'கேம் ஓவர்' என்று எழுதினால் கனமே இல்லை. மிச்சமாகும் இடத்தில் கங்காணிக்கு மீசையைத் திருப்பிக் கொடுக்கலாம்.

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "மீச போனா போகட்டும். இது இருக்கணும்" என்றாள். பிறகு அட்டைகளின் நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினாள். அந்த வாரம் போன் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியடியில் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப் போய் நான் சொன்ன முதல் செய்தி, அட்டை வெள்ளையாகிவிட்டது என்பது. பெரியம்மாவுக்கு குவைத்தில் அது எப்படி விளங்கியதோ தெரியாது.

தீபாவளி வந்தது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற அண்ணன்மார் எல்லாரும் புதுச் சட்டையும் புதுப் போனுமாக வந்து இறங்கினார்கள். சித்தி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. போனையும் போனையும் பக்கத்தில் வைத்து புளூடூத்தில் ஆட்டத்தை அனுப்பிக்கொண்டே இருந்தாள். "பத்துப் பேரு வெளையாடினா பத்துப் பெழ தெரியும்" என்பது அவள் கணக்கு. பத்துப் பேரோடு அது நிற்கவில்லை. லயத்து வாசல்களில், கோயில் படியில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் கட்டைவிரல்கள் கொழுந்து பறித்தன. பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயிற்று. தெமோதரை ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஒரு பையன் அதை ஆடிக்கொண்டிருந்ததை அப்பாவே பார்த்துவிட்டு வந்தார். பார்த்தது பெருமையா கவலையா என்று அவருக்கே தெரியவில்லை.

கவலைதான் என்று சீக்கிரமே தெளிவாயிற்று. ஒரு கங்காணியின் மகன் அதைத் தன் அப்பாவிடம் காட்டிவிட்டான்.

அம்மாவின் மலைக்குப் பொறுப்பான கங்காணி அவர். எப்போதும் புதுக் குடை வைத்திருப்பார். தோட்டத்தில் அத்தனை கறுப்பான குடை தன்னுடையது மட்டும்தான், ஆகவே படத்தில் இருப்பது தானேதான் என்று முடிவு கட்டினார். இரண்டாம் கங்காணிக்கு முழங்கால் கொஞ்சம் வளைந்திருக்கும். புள்ளிகளால் கால் போட்டால் அது வளையாமல் என்ன செய்யும்; ஆனால் அவர், "அந்தக் காலு என் காலு" என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர் சத்தமில்லாமல் மேல் நிரையிலிருந்து இறங்கி வருவதில் பேர் போனவர். ஆட்டத்திலும் குடை மேலேயிருந்துதான் வந்தது. இப்படி வரத் தன்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மூவரும் சேர்ந்து தோட்டத் தலைவரிடம் போனார்கள். தலைவர் என்றால் தொழிலாளர் பக்கம் நின்று தோட்ட மேலாளரான துரையிடம் பேசுகிறவர். தோட்டத்து வழக்குகளையும் அவர்தான் கேட்பார். அங்கே போன பிறகுதான் மூவருக்கும் தெரிந்தது, அந்த ஒரே குடையை ஒவ்வொருவரும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அதில் வேறு தனியாக ஒரு மனஸ்தாபம்.

அந்த வாரம் முழுக்க அம்மாவின் கங்காணி பெரட்டில், அதாவது காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடி நிற்கிற இடத்தில், அம்மாவின் பெயரை மட்டும் கடைசியாகக் கூப்பிட்டார். மாலையில் அவள் கூடையைக் கவிழ்த்து, முற்றல் இலை இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தார். அம்மா வீட்டுக்கு வந்து வழக்கம்போல் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னாள். அப்பா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத அழிச்சிரு" என்றார் சித்தியிடம்.

"எங்கெங்க போயி அழிக்கிறது மச்சான்? தெமோதரைக்குப் போனத நீங்கதானே பாத்தீங்க."

"ஞாயித்துக்கிழம கூட்டமாம். ஒன்னயும் வரச் சொல்லியிருக்காங்க. தலைவரு படிப்ப நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டத்தான் வேணும். அவங்கள பகைச்சுக்கிட்டு இங்க ஒரு நாளு இருக்க முடியாது."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "கூட்டத்துக்குப் போறப்ப போன நல்லா சார்ஜ் பண்ணி எடுத்துக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. கோயில் வாசலில் கூட முடியாமல், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூட்டம் வைத்தார்கள். தராசு தொங்குகிற இடத்துக்குக் கீழே தலைவருக்கு ஒரு நாற்காலி. அவருக்குப் பக்கத்தில் மூன்று கங்காணிமாரும் மடித்த குடைகளோடு நின்றார்கள். குடையைக் கொண்டு வராமல் விட்டால் வழக்குக்கு நல்லதாயிருக்கும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் மழை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் தகரத் தட்டியோரமாக இன்னொரு பக்கம். அம்மா அங்கே நின்றாள்.

தலைவர் சித்தியைக் கேட்டார். "என்னா புள்ள, கங்காணிமார கேலி பண்ணி போன்ல படம் போட்டிருக்கியாமே?"

"கேலி பண்ணலைங்க. கேம் பண்ணியிருக்கேங்க."

"அதுல வர்றது யாரு?"

"கொடைங்க."

"கொடைக்கிக் கீழ?"

"ரெண்டு காலுங்க. அதுக்கு மேல போட எடமில்லைங்க. அறுவத்து நாலு கிலோபைட்டுதான் குடுத்திருக்காங்க."

தலைவர் அதை ஒரு சட்டம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு, பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆட்டத்தைக் காட்டு என்றார். சித்தி போனை நீட்டினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து ஐந்தை அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது சித்தி என்னைக் கூப்பிட்டாள். என் டெஸ்டர் ஆடிக் காட்டுவாள் என்றாள்.

நான் தராசுப் பலகையில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பயம் துளிகூட இல்லை. அந்தத் தோட்டத்தில் என்னைப் போல ஆடக்கூடியவர்கள் யாருமில்லை என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு எல்லாருக்கும் தெரியப் போகிறது என்பது கூடுதல் சந்தோஷம். தலைவர் ஒரு பக்கம் குனிந்தார். கங்காணிமார் மறு பக்கம் குனிந்தார்கள். திரையோ இரண்டு விரல் அகலம். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால், கங்காணியின் அந்த மகன், இந்த வினையை ஆரம்பித்து வைத்தவனே, ரேடியோவில் கிரிக்கெட் சொல்வதுபோல் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். மொத மலை முடிஞ்சுச்சு. ரெண்டாவது மலை. கொட மேல நிக்கிது.

மூன்றாம் மலை வரைக்கும் கங்காணிமார் முகத்தை இறுக்கி வைத்திருந்தார்கள். நான்காம் மலையில் ஒரு அட்டை என் கொழுந்துக்காரியின் காலில் ஏறியது. குடை இரண்டு நிரைக்கு அப்பால் வந்துகொண்டிருந்தது.

"அட்டைய தட்டு புள்ள" என்றார் வளைந்த கால் கங்காணி, தன்னை மறந்து.

உப்புப் போட்டேன். தப்பினேன். ஐந்தாம் மலையில் மூவருமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கீழ போ, கீழ போ. அங்க கொழுந்து நிக்கிது பாரு, எடு. கொட வருது, கைய ஆட்டு. மேலேயிருந்து இறங்குவதில் பேர் போனவர், குடை எந்த நிரையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொன்னார், அப்படியேதான் இறங்கியது. அம்மாவின் கங்காணி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஓடு, ஓடு, அந்தாளு கிட்ட மாட்டிக்காத" என்றார். ஆறாம் மலை முடிந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

ஏழாம் மலையை நான் அதற்கு முன் ஒரு தடவைதான் எட்டியிருந்தேன். கூடை நிறைய இன்னும் கொஞ்சம்தான். கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. ஐந்துக்குப் பதில் எட்டை அமத்திவிட்டேன். கொழுந்தில்லாத நிரையில் போய் அவள் சும்மா நின்றாள். குடை அங்கேதான் இருந்தது.

திரை கறுத்தது. கங்காணியின் மகன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பின்னாலிருந்து பெண்கள், "என்னா ஆச்சு, என்னா ஆச்சு" என்று கேட்டார்கள். யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

"அரைப் பேரு" என்றேன்.

மடுவத்தின் தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. பிறகு அடுத்த லயத்து அத்தை, சத்தம் போடாமல், பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஏழு மலை எடுத்தும் அரைப் பேருதானா?"

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நிற்கும் போலிருக்கும், பிறகு யாராவது "ஏழு மலை" என்பாள், மறுபடி ஆரம்பிக்கும். நான் தோற்றதற்குத்தான் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. ஏழாம் மலை எவ்வளவு கஷ்டம் என்று இவர்களுக்கு என்ன தெரியும் என்று ஆத்திரமும் வந்தது. சித்தி என்னைப் பலகையிலிருந்து இறக்கித் தன்னோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. முகம் மட்டும் என்னவோ பளபளவென்றிருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். கங்காணிமார் பக்கம் திரும்பினார்.

"சரி, இப்ப சொல்லுங்க. இதுல உள்ள கொட ஒங்க மூணு பேர்ல யாரு?"

அம்மாவின் கங்காணி தன் கையிலிருந்த குடையைப் பார்த்தார். அதை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். "நம்ம கொட இல்லைங்க அது" என்றார். இரண்டாமவர், தூரத்திலிருந்து பார்த்தபோது தன் கால் போல இருந்தது, கிட்டப் பார்த்தால் அப்படி இல்லை என்றார். மூன்றாமவர் தனக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை என்றார்.

"ஆளில்லாத கொடைக்கி நான் என்னான்னு வழக்குப் பேசுறது?" என்று தலைவர் எழுந்துவிட்டார். எழுந்தவர் சித்தியிடம் குனிந்து, தன் மகன் போனுக்கும் அதைப் போட்டுத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். சித்தி அங்கேயே போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பெரட்டில் அம்மாவின் பெயர் பழையபடி அதன் முறையிலேயே வந்ததாம். கூடையைக் கவிழ்ப்பதும் நின்றது. கங்காணி அம்மாவிடம், என்னைப் பற்றி விசாரித்தாராம். "அந்தச் சின்னப் புள்ள எட்டாவது மலைக்குப் போயிருச்சா?" என்று.

சித்தி ஆட்டத்தைச் சேரிடம் காட்டினாள். சேர் வகுப்பு முடிந்தும் போகாமல் அதை ஆடினாராம். முதல் மலையிலேயே மூன்று தடவை பிடிபட்டு, "உதென்ன, அரைப் பேர்?" என்று கேட்டாராம். சித்தி விளக்கினாள். அவர் போனைத் திருப்பிக் கொடுக்காமலே, கொழும்பில் போன் ஆட்டங்கள் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் தன் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான், இதை அங்கே அனுப்பிப் பார்ப்போமா என்றாராம். மார்கழிக்கு முன்பே சட்டிபிகேட் வந்தது. தைப்பொங்கல் முடிந்த கையோடு கொழும்பிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த யுத்த நாட்களில் தமிழ்ப் பிள்ளையைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்ப எல்லாரும் யோசிப்பார்கள். அப்பாவும் யோசித்தார். யோசித்துக்கொண்டே அவளுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கி வந்தார். அடையாள அட்டையை எடுத்தாயா என்று பதுளை ஸ்டேஷன் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

சித்தி போன பிறகு பாய் முழுவதும் எனக்கே. தலையணையும் எனக்கே. போன் பழையபடி துவாய்க்குள் போய்விட்டது. நான் அப்போது ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் ஆட்டமும் குறைந்துவிட்டது. எட்டாம் மலை எப்படியிருக்கும் என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அப்பா டவுனுக்குப் போயிருந்தார். அம்மா துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, விறகு அடுக்கி முடித்து, அடுப்படிப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், சாமிப் படத்துக்குப் பக்கத்திலிருந்து அந்தப் போனை எடுத்து வரச் சொன்னாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லையே என்றேன்.

"சித்தி கேம போட்டுக் குடு" என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. தோட்டமே ஆடியபோதும் அம்மா அதைத் தொட்டதில்லை. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, ஆட்டத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். கொழுந்துக் கறை படிந்த கட்டைவிரலை ஒவ்வொரு பொத்தானாக வைத்துக் காட்டினேன். இது மேல, இது கீழ, இது கொழுந்து, இது உப்பு. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதல் மலை தொடங்கியது. சிவப்புக் கட்டச் சேலை கட்டிய பெண் பச்சைக்கு நடுவில் நின்றாள். இடப் பக்கத்தில் நல்ல கொழுந்து.

அம்மா ஒன்றையும் அமத்தவில்லை.

"நால அமத்தும்மா" என்றேன். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடை மேல் நிரையில் தோன்றி, மெதுவாக ஒவ்வொரு நிரையாக இறங்கியது. முதல் மலையில் அது மெதுவாகத்தான் வரும். தப்புவது மிக லேசு. அம்மாவின் விரல் அசையவில்லை. குடை வந்தது. திரை கறுத்தது. அரைப் பேர்.

"திரும்பப் போடு" என்றாள்.

போட்டேன். மறுபடியும் அந்தப் பெண் நின்றாள். மறுபடியும் குடை இறங்கியது. இந்தத் தடவை பொறுக்க மாட்டாமல் நானே அம்மாவின் விரலைப் பிடித்து நாலின் மேல் வைத்து அமத்தப் பார்த்தேன். அம்மா என் கையை மெதுவாக விலக்கினாள்.

"அமத்தாத. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிலருக்குப் போன் கையில் வராது. அம்மா அப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிட்டது. சேரே முதல் மலையில் மூன்று தடவை தோற்றாரே, அம்மா தோற்பதில் என்ன இருக்கிறது. மூன்றாம் தடவையும் ஆட்டத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். "பரவாயில்லம்மா, பழகப் பழக வந்துரும்" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, வெளியே விளையாட ஓடினேன்.